கேசினோ கணக்கும் உங்கள் கடவுச்சீட்டும்

பிரிட்டனில் இணையக் கேசினோ சட்டத்துக்கு உட்பட்ட தொழில். பதினெட்டு வயது நிறைந்த எவரும் உரிமம் பெற்ற தளத்தில் கணக்குத் தொடங்கலாம். அங்கே வாழும் தமிழர்களில் அப்படித் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும் இந்த அத்தியாயத்தைப் படித்துவிட வேண்டும். ஆடுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேசினோ ஆட்டம் ஒவ்வொன்றும் நடத்துகிறவருக்கு லாபம் வரும்படி கணக்குப் போட்டு அமைக்கப்பட்டது. ஆட ஆட இழப்பவர் ஆடுபவர்தான். அது தெரிந்தும் ஆடுகிறவர், ஜெயித்த பணம் கைக்கு வராமலோ, கடவுச்சீட்டின் படத்தை முகம் தெரியாத ஒருவரிடம் பறிகொடுத்தோ இன்னொரு முறை இழக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தளத்தின் உரிமத்தைப் பாருங்கள். அடுத்து உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து முடியுங்கள். பணம் கடைசியில். பெரும்பாலான சிக்கல்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால் வருகின்றன.

விதி எப்படி மாறியது

சில ஆண்டுகளுக்கு முன்புவரை அப்படித் தலைகீழாகச் செய்யத் தளங்களே இடம் கொடுத்தன. புதிதாகக் கணக்குத் தொடங்கியவரின் வயதைச் சரிபார்க்க நிறுவனத்துக்கு 72 மணி நேர அவகாசம் இருந்தது. அந்த மூன்று நாளும் அவர் பணம் போட்டு ஆடலாம். பதினாறு வயதுப் பையன்கூட அந்த இடைவெளியில் ஆடிவிட முடியும். பெரியவர்களுக்கு வேறு விதமான தொல்லை. பணம் போடும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஜெயித்ததை எடுக்கப் போனால்தான் கடவுச்சீட்டு கொடு, மின்கட்டண ரசீது கொடு, கார்டின் படம் கொடு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் தொடர்பு மையத்துக்கு வந்த புகார்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு இந்த வகைதான் என்று ஆணையமே 2019இல் சொன்னது. காத்திருக்கப் பொறுக்காமல், எடுக்கக் கேட்ட பணத்தைத் திரும்பக் கணக்குக்குள் இழுத்து ஆடித் தீர்த்தவர்களும் உண்டு. இழுத்தடிப்பதால் லாபம் யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை.

2019 மே 7 முதல் இது மாறியது. பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே ஒருவரை ஆட விடலாம். காசு கட்டாத இலவச ஆட்டத்துக்கும் வயதை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். ஆணையத்தின் உரிம நிபந்தனைகளில் 17.1.1 என்ற எண்ணில் அடையாளச் சரிபார்ப்பு விதி இருக்கிறது. அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் எழுதும்போது உதவும். அதில் உங்களுக்கு இரண்டு பாதுகாப்புகள் உள்ளன. பணம் போட அனுமதிக்கும் முன்பே, எந்தெந்த ஆவணத்தை, எந்தச் சூழ்நிலையில், எந்த வடிவில் கேட்கக்கூடும் என்று தளம் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பே நியாயமாகக் கேட்டிருக்கக்கூடிய தகவலை, நீங்கள் பணம் எடுக்கும் நேரத்தில் நிபந்தனையாகக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. பணமோசடித் தடுப்பு போன்ற வேறு சட்டக் கடமைகளுக்காகக் கேட்பது இதில் அடங்காது. அதைப் பிறகு பார்ப்போம்.

சரிபார்ப்பு என்றாலே எரிச்சல்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த விதி ஆடுபவருக்கு ஆதரவானது என்பது என் உறுதியான எண்ணம். கேள்வி எல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டால், பின்னால் மறுக்க அவர்களுக்குக் காரணம் குறைகிறது.

கேட்பவர் யார்?

கடவுச்சீட்டைப் படம் எடுக்கும் முன் தளத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரும் கணக்கு எண்ணும் அங்கே இருக்கும். அதன்மேல் அழுத்தினால் ஆணையத்தின் பொதுப் பதிவேடு திறக்கும். அந்த இணைப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். போலித் தளம் தானே ஒரு போலிப் பதிவேட்டைத் தயாரித்து வைத்திருக்கலாம். ஆணையத்தின் தளத்தை நீங்களே தனியாகத் திறந்து, பதிவேட்டில் தேடுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கீழும் அது நடத்தும் இணைய முகவரிகள் பட்டியலிடப்பட்டிருக்கும். நீங்கள் பார்க்கும் தளத்தின் முகவரி ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அதில் இருக்க வேண்டும்.

நிறுவனம் ஜிப்ரால்டரிலோ மால்டாவிலோ இருக்கலாம், அதில் தவறில்லை. 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, எங்கிருந்து நடத்தினாலும் பிரிட்டனில் உள்ளவரிடம் வியாபாரம் செய்ய ஆணையத்தின் உரிமம் வேண்டும். குராசாவ் தீவின் உரிமம் மட்டும் வைத்திருக்கும் தளத்துக்கு அந்த அனுமதி இல்லை. "சரிபார்ப்பு தேவையில்லை, கிரிப்டோவில் போடலாம், உடனே எடுக்கலாம்" என்று விளம்பரம் செய்யும் தளங்கள் பெரும்பாலும் இந்த ரகம். உள்ளே போகும்போது எதுவும் கேட்காத அதே தளம், நல்ல தொகை ஜெயித்தவுடன் கடவுச்சீட்டைக் கேட்கும். கொடுத்தாலும் பணம் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முறையிட ஆளும் இல்லை. இத்தகைய தளத்தில் ஏற்கெனவே பணம் சிக்கியிருந்தாலும், அதை மீட்கும் ஆசையில் ஆவணத்தை அனுப்பாதீர்கள். போன பணம் ஒரு தொகையோடு முடியும். உங்கள் பெயர், படம், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் எல்லாம் சேர்ந்து வெளியே போனால் அந்தத் தொல்லைக்கு முடிவே இல்லை.

திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது

பலருக்குப் படிவத்தை நிரப்பியதும் சில வினாடிகளில் கணக்கு திறந்துவிடுகிறது. ஆவணமே கேட்பதில்லை. காரணம், நீங்கள் கொடுத்த பெயரும் முகவரியும் பிறந்த தேதியும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளோடு ஒப்பிடப்படுகின்றன. அந்தப் பதிவுகளில் வாக்காளர் பட்டியல், வங்கிக் கணக்கு, கைபேசி ஒப்பந்தம், பழைய முகவரிகள் எல்லாம் இருக்கும். நீங்கள் கொடுத்த மூன்றும் ஒரே ஆளைக் காட்டினால் வேலை முடிந்தது. அடையாளம் பார்ப்பதற்கான இந்தத் தேடல் உங்கள் கடன் மதிப்பெண்ணைக் குறைக்காது.

புதிதாக வந்த மாணவருக்கும், வீட்டில் எல்லா ரசீதும் கணவர் பெயரில் வரும் பெண்ணுக்கும் அந்தப் பதிவுகளில் தடம் குறைவு. அவர்களிடம்தான் ஆவணம் கேட்பார்கள். நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவர், முறையான விசாவோடு பிரிட்டனில் வசித்தால், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலேயே அங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். பதிந்தால் வாக்குரிமை கிடைக்கிறது. கூடவே வங்கி, வாடகை வீடு, கைபேசி ஒப்பந்தம் என எல்லா இடத்திலும் அடையாளம் காட்டுவது எளிதாகிறது. கேசினோவை மறந்துவிட்டாலும் இதை மறக்காதீர்கள்.

முகவரியைக் கையால் அடிக்க வேண்டாம். அஞ்சல் குறியீட்டை இட்டதும் வரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். ஒரே வீட்டை "ஃபிளாட் 2, 14" என்று வங்கியும் "14பி" என்று மின் நிறுவனமும் எழுதியிருந்தால், இரண்டும் ஒரே வீடு என்று மென்பொருளுக்குத் தெரியாது.

நம் பெயர்கள் எங்கே இடறுகின்றன

தமிழர்களின் சரிபார்ப்பு தோற்கும் இடம் பெரும்பாலும் பெயர்தான். பிரிட்டிஷ் படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களோடு வருகிறது. நம்மிடம் இருப்பது சொந்தப் பெயரும் அப்பா பெயரும், அல்லது அப்பா பெயரின் முதலெழுத்தும்.

கதிரவன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சுப்பிரமணியம். ஊரில் எடுத்த கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, பெயர்க் கட்டத்தில் கதிரவன் சுப்பிரமணியம் என்று இருக்கிறது. பிரிட்டனில் எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் குடும்பப் பெயர் சுப்பிரமணியம். வங்கி அட்டையில் எஸ். கதிரவன். கேசினோ படிவத்தில் அவர், ஊர்ப் பழக்கப்படி, முதல் பெயர் கதிரவன், குடும்பப் பெயர் எஸ் என்று போடுகிறார். மென்பொருள் "எஸ்" என்ற குடும்பப் பெயருள்ள ஆளைத் தேடுகிறது. அப்படி யாரும் இல்லை. கணக்கு நிற்கிறது.

அவருடைய ஓட்டுநர் உரிமத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் எண்ணுக்கு எதிரே 16 எழுத்து கொண்ட ஓட்டுநர் எண் இருக்கும். அதன் முதல் ஐந்து எழுத்தும் குடும்பப் பெயரின் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகள்: எஸ், யு, பி, ஆர், ஏ. அடுத்த ஆறு இலக்கத்தில் பிறந்த தேதி ஒளிந்திருக்கிறது. 1994 மார்ச் 17இல் பிறந்தவருக்கு அது 903174 என்று வரும். பத்தாண்டைக் குறிக்கும் 9, மாதம் 03, நாள் 17, ஆண்டின் கடைசி இலக்கம் 4. பெண்ணாக இருந்தால் மாதத்தின் முதல் இலக்கத்தோடு 5 கூடும், அதாவது 03 என்பது 53 ஆகும். அதன்பின் பெயரின் முதலெழுத்துகள். ஒரே பெயர் என்றால் கே என்ற எழுத்தும் ஒரு 9உம் வரும். படிவத்தில் குடும்பப் பெயர் கதிரவன் என்று போட்டுவிட்டு இந்த உரிமத்தை அனுப்பினால், மனிதர் யாரும் பார்க்கும் முன்பே மென்பொருள் முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிடும். பிறந்த தேதியில் நாளையும் மாதத்தையும் மாற்றி அடித்தாலும் இதே கதிதான்.

ஆகவே, எந்த ஆவணத்தை அனுப்பப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைப் பதியுங்கள். பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதையே அடிப்படையாக வைப்பது நல்லது. பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றும் ஒரே அட்டையில் இருக்கின்றன. பிறகு வங்கிக்குப் போய், அங்கும் அதே பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். சுப்பிரமணியத்தின் கடைசி எழுத்து ஓரிடத்தில் எம் என்றும் இன்னோரிடத்தில் என் என்றும் இருப்பது நமக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. ஒப்பிடும் கருவிக்கு அது வேறு ஆள். அழைக்கும் பெயர், சுருக்கப் பெயர் எதுவும் வேண்டாம்.

கடவுச்சீட்டில் அப்பா பெயரும் வங்கியில் கணவர் பெயரும் வைத்திருக்கும் பெண்கள் திருமணச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

பெயரால் வரும் இன்னொரு தடங்கல் மனத்தை நோகடிக்கக்கூடியது. கேசினோக்கள் வாடிக்கையாளரின் பெயரை அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. நம்மிடையே ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும். பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரோடு உங்கள் பெயர் ஒத்துப்போனால் கணக்கு சற்று நேரம் நிறுத்தப்படும். உங்கள்மீது யாரும் குற்றம் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறந்த தேதியும் பிறந்த இடமும் வேறு என்று காட்டும் கடவுச்சீட்டைக் கொடுத்தால் பெரும்பாலும் அது தீர்ந்துவிடும்.

ஆவணம் அனுப்புவது

அடையாளத்துக்குக் கடவுச்சீட்டு அல்லது ஓட்டுநர் உரிமம். முகவரிக்கு வங்கி அறிக்கை, கவுன்சில் வரி ரசீது, மின்சாரம் அல்லது தண்ணீர்க் கட்டண ரசீது, வரித்துறைக் கடிதம். ரசீது பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். குடியிருப்பு உரிம அட்டைகள் 2024 டிசம்பர் 31ஓடு காலாவதியாகிவிட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த ஈ-விசாவின் பகிர்வுக் குறியீட்டைக் கேசினோவுக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் குடிவரவு நிலை அவர்களுக்குத் தேவையற்ற தகவல். முழு நேர மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி கிடையாது, மின்கட்டணமும் வாடகையோடு சேர்ந்துவிடும். அவர்களுக்கு வங்கி அறிக்கைதான் கைகொடுக்கும்.

படம் எடுக்கும்போது ஆவணத்தை மேசைமேல் தட்டையாக வைத்து, நான்கு மூலையும் தெரியும்படி, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கடவுச்சீட்டின் கீழே கோணக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 44 எழுத்து. பாதுகாப்பு என்று நினைத்துச் சிலர் அதை விரலால் மறைத்து எடுக்கிறார்கள். மென்பொருள் முதலில் படிப்பதே அந்த வரிகளைத்தான். கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சோதனை இலக்கம் உண்டு. 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையைப் பத்தால் வகுத்த மீதி அது. மறைத்தால் கணக்கு ஒத்துப்போகாது. சிப் உள்ள கடவுச்சீட்டைக் கைபேசியின் பின்பக்கத்தில் வைத்தாலே படித்துக்கொள்ளும் தளங்களும் உண்டு. சிப் இல்லாத பழைய இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு அது நடக்காது. மனிதர் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கார்டின் படத்தைக் கேட்டால் முதல் ஆறு எண்ணும் கடைசி நான்கு எண்ணும் தெரிந்தால் போதும். நடுவில் உள்ளவற்றையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் காகிதத் துண்டால் மூடிவிடுங்கள். கார்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மனைவியின் கார்டு, நண்பனின் கார்டு எதுவும் ஆகாது. கிரெடிட் கார்டில் ஆடுவது 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

எதையும் உங்கள் கணக்குக்குள் உள்ள பதிவேற்றும் பக்கம் வழியாக மட்டும் அனுப்புங்கள். வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லும் "அதிகாரி" எவரானாலும் அவர் மோசடிக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

அடையாளம் முடிந்த பிறகும் சோதனைகள் உண்டு. முதலாவது, நிதி நெருக்கடி பற்றியது. முப்பது நாளில் ஒருவர் போட்டது, எடுத்ததைக் கழித்து 150 பவுண்டைத் தாண்டினால், அவர் திவாலானவரா, கடனுக்காக நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் அவர்மேல் இருக்கிறதா என்று பொதுப் பதிவுகளில் பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 30இல் 500 பவுண்டு என்று தொடங்கிய இந்த வரம்பு 2025 பிப்ரவரி 28இல் 150 ஆகக் குறைந்தது. உங்களிடம் எதுவும் கேட்காமலேயே இது நடந்து முடிந்துவிடும்.

இரண்டாவது, பணத்தின் மூலம். 2017ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்பு விதிமுறைகள் கேசினோக்களுக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. 2,000 யூரோவை எட்டும் பரிவர்த்தனைக்கு வாடிக்கையாளரை முறைப்படி அறிந்திருக்க வேண்டும். ஆளையும் தொகையையும் பொறுத்து அதற்கு முன்பேகூடக் கேட்கலாம். சம்பளச் சீட்டு, ஆண்டு இறுதி வரிச் சான்றான பி60, வங்கி அறிக்கை, வீடு விற்ற பத்திரம் இவற்றில் ஒன்று போதுமானதாக இருக்கும்.

நம்மிடையே பிரச்சினையாவது சீட்டுக் காசு. இருபது பேர் மாதம் 500 பவுண்டு வீதம் கட்டும் சீட்டில், உங்கள் முறை வந்து 10,000 பவுண்டு ரொக்கமாகக் கைக்கு வருகிறது. வங்கியில் போடுகிறீர்கள். அறிக்கையில் ஒரே நாளில் 10,000 ரொக்கம் என்று மட்டும் இருக்கும். அதற்கு ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை, சீட்டு நடத்தும் அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு டிக் மட்டும்தான். கேசினோவின் அதிகாரிக்கு இதைப் புரியவைப்பது மிகக் கடினம். மாதாமாதம் கட்டிய தொகை வங்கி வழியாகப் போயிருந்தால் ஓரளவு காட்டலாம். என் கருத்தைக் கேட்டால், சீட்டுப் பணத்தை ஆட்டக் கணக்குப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் மற்ற பத்தொன்பது குடும்பங்களின் பணமும் நம்பிக்கையும் இருக்கிறது. எடுத்தவர் தோற்றால் அடுத்த மாதம் கட்ட முடியாமல் போவது அவர்களைத்தான் உலுக்கும்.

சம்பளச் சீட்டைக் கேட்கும் கட்டம் வந்துவிட்டால், அதைக் கொடுக்கும் முன் ஓர் இரவு பொறுத்திருந்து, எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். வேறு யாருக்காகவும் அல்ல, உங்கள் வீட்டுக்காக.

பதில் வராதபோது

எல்லாம் கொடுத்த பிறகும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரியோடு நாட்கள் ஓடலாம். சோம்பலும் அதற்குக் காரணமாக இருக்கலாம், சட்டமும் காரணமாக இருக்கலாம். பணத்தின் மூலம் குறித்துச் சந்தேகம் எழுந்து, தேசியக் குற்றத் தடுப்பு முகமைக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்வது 2002ஆம் ஆண்டின் குற்றவழி வருவாய்ச் சட்டப்படி குற்றம். பணத்தை விடுவிக்க முகமையின் ஒப்புதல் கேட்டிருந்தால், முகமை ஏழு வேலை நாளுக்குள் மறுக்கலாம். மறுத்தால் மேலும் 31 நாள் பணம் நிற்கும். உதவி மையத்தில் பேசும் பெண்ணோ பையனோ உங்களிடம் எதுவும் சொல்ல முடியாத நிலையில் இருக்கக்கூடும். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

திட்டுவதற்குப் பதில் எழுதுங்கள். உரையாடல் பெட்டியில் பேசியதெல்லாம் படமாக எடுத்து வையுங்கள். பிறகு "புகார்" என்ற சொல்லைத் தலைப்பில் போட்டு, ஆங்கிலத்தில், இந்தப் பொருள் வரும்படி அனுப்புங்கள்: "இன்ன தேதியில் கணக்குத் தொடங்கினேன். இன்ன தேதியில் பணம் எடுக்கக் கேட்டேன். இப்போது நீங்கள் கேட்கும் ஆவணத்தை முன்பே ஏன் கேட்கவில்லை என்பதை உரிம நிபந்தனை 17.1.1ஐ வைத்து விளக்கவும். வேறு சட்டக் கடமைக்காகக் கேட்பதானால் அதைத் தெரிவிக்கவும்." எட்டு வாரத்துக்குள் தீரவில்லை என்றால், அல்லது அதற்கு முன்பே "இதுதான் எங்கள் இறுதி முடிவு" என்று சொல்லிவிட்டால், ஐபாஸ் போன்ற சுயேச்சையான தீர்வு அமைப்புக்குப் போகலாம். அந்நிறுவனத்துக்கு எந்த அமைப்பு என்பது அதன் விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். உங்களுக்குச் செலவில்லை. ஆணையம் தனிநபரின் பணத் தகராறைத் தீர்த்து வைப்பதில்லை. ஆனால் உங்கள் புகாரை அங்கும் பதியுங்கள். நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுக்க அது அவர்களுக்குச் சான்றாகும்.

அடுத்தவர் பெயர், அடுத்தவர் கணக்கு

"தம்பி, உன் பேருல ஒரு கணக்கு மட்டும் திறந்து குடு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன், ஐம்பது பவுண்டு தர்றேன்." படிக்க வந்த பிள்ளைகளே, இப்படிக் கேட்பவர் ஊர்க்காரராக இருந்தாலும், பார்ட் டைம் வேலை வாங்கித் தந்தவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். வேறொருவர் ஆடுவதற்காக உங்கள் பெயரில் கணக்கு திறப்பது நிறுவனத்தை ஏமாற்றுவது. 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. அந்தக் கணக்கின் வழியாக யாருடைய பணம் ஓடியது என்ற கேள்வி வரும்போது, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் வங்கிக் கணக்கு மூடப்படலாம். வழக்கு என்று வந்தால் விசாவையும் அது பாதிக்கும்.

கேம்ஸ்டாப் என்ற விலக்குப் பதிவேட்டுக்கும் பெயருக்கும் தொடர்பு உண்டு. ஒருவர் தன்னைத் தானே ஆறு மாதம், ஓராண்டு அல்லது ஐந்தாண்டு எல்லா உரிமத் தளங்களிலிருந்தும் விலக்கிக்கொள்ள அதில் பதியலாம். 2020 மார்ச் 31 முதல் உரிமம் பெற்ற எல்லா இணைய நிறுவனங்களும் அதில் சேர்ந்தாக வேண்டும். பெயர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, மின்னஞ்சல் ஆகியவற்றை ஒப்பிட்டே அது ஆளைத் தடுக்கிறது. கேசினோவில் எஸ். கதிரவன் என்றும் கேம்ஸ்டாப்பில் கதிரவன் சுப்பிரமணியம் என்றும் இருந்தால் தடுப்பு வேலை செய்யாமல் போகலாம். பதியும்போது எல்லா மின்னஞ்சல்களையும், பழைய முகவரிகளையும், பெயரின் வேறு வடிவங்களையும் கொடுத்துவிடுங்கள். விலக்கிக்கொண்டவரைக் குறிவைத்து, "கேம்ஸ்டாப்பில் இல்லாத தளம்" என்றே விளம்பரங்கள் வருகின்றன. அவை எல்லாம் உரிமம் இல்லாதவை. கையை மீறிப் போகிறது என்று தோன்றினால் 0808 8020 133 என்ற இலவசச் சூதாட்ட உதவி எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். வீட்டில் யாருக்கேனும் இந்த நிலை என்றால், அந்த வீட்டாரும் அதே எண்ணில் கேட்கலாம்.

ஊருக்குப் போயிருக்கும்போது பிரிட்டிஷ் கணக்கைத் திறக்காதீர்கள். 2025 ஆகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தைத் தளம் கண்டுகொள்ளும். சென்னையிலிருந்து நுழைந்தால் கணக்கு முடங்கலாம், மீண்டும் முதலிலிருந்து சரிபார்ப்பு வரலாம். விபிஎன் போட்டு மறைத்தால், ஜெயித்ததைத் தர மறுக்க அவர்களுக்கு நல்ல காரணமாகிவிடும். இந்தியாவில் இருக்கும் உறவினரிடம் ஆட்டத்துக்காக ஆதார் கேட்கும் தளம் எதுவானாலும், கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கணக்கை மூடும் நாளில் மீதிப் பணத்தை முதலில் எடுத்துவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கொடுத்த ஆவணங்களை உடனே அழிக்கச் சொன்னால் மறுப்பார்கள். பணமோசடித் தடுப்பு விதிப்படி, உறவு முடிந்த பிறகு ஐந்தாண்டு அவற்றை வைத்திருக்க வேண்டும். உங்களைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதலாம். உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. அனுப்புவதற்காக எடுத்த கடவுச்சீட்டு, கார்டு, வங்கி அறிக்கைப் படங்கள் கைபேசியின் கேலரியிலும் அதன் குப்பைத் தொட்டியிலும் மேகச் சேமிப்பிலும் கிடக்கும். மூன்று இடத்திலும் அழியுங்கள்.